கிழிந்த முட்டியின் நாட்காட்டி

பொங்கல் முடிந்த கையோடு திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் மின்னொளி கபடிப் போட்டிச் சுவரொட்டிகள் வரத் தொடங்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நன்கொடையாளர் பெயர்கள், விளையாடும் பையன்களின் படங்கள். இந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். பாடிப் போன பையன் எதிரணியின் பிடியில் சிக்கி, உடம்பை முறுக்கித் திமிறுகிறான். ஒரு கால் தரையில் ஊன்றியபடி இருக்க, இடுப்பு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. முட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டதாக அவனே சொல்வான். நொண்டிக்கொண்டு வெளியே வருகிறவனைப் பார்த்து, "ஜவ்வு போயிடுச்சு" என்பார்கள். அடுத்த வருஷச் சுவரொட்டியில் அவன் படம் இருக்காது.

ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்துப் பனிச்சரிவில் இறங்கும் வீரர்களுக்கும் முட்டிக்குள் இருக்கும் அதே ஜவ்வு நார்தான் கிழிகிறது. அவர்களில் பலருடைய படம் அடுத்த ஆண்டுச் சுவரொட்டியிலும் இருக்கிறது. சிலர் முன்பைவிடப் பெரிய கோப்பைகளை வெல்கிறார்கள். கல்வராயன் மலையில் மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் அங்கே பனிச்சறுக்கு நடக்கப் போவதில்லை. ஆனாலும் இந்த அத்தியாயத்தைப் பனி வீரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கிழிந்த முட்டியோடு உச்ச நிலைக்குத் திரும்புவது எப்படி என்று அவர்களுடைய விளையாட்டு பல பத்தாண்டுகளாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நம் கபடிக் களத்துக்கும் பொருந்தும்.

கணக்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2006 முதல், ஒஸ்லோவில் உள்ள விளையாட்டுக் காய ஆய்வு மையத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு பருவம் முடியும்போதும், பருவம் முழுக்கப் பல பந்தயங்களாக நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் இறங்கும் வீரர்களின் காயங்களைக் கேட்டுப் பதிவு செய்துவருகிறது. மலைச்சரிவுச் சறுக்கில் முதல் இரு பருவங்களில் 100 வீரருக்குச் சுமார் 37 காயங்கள் பதிவாயின. முட்டிதான் முதலிடம். பிரெஞ்சு தேசிய அணியின் 1980 முதல் 2005 வரையிலான 25 ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டிய ஆய்வாளர்கள், நான்கில் ஒருவருக்கு மேல் ஒருமுறையாவது முட்டியின் இந்த நாரைக் கிழித்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். ஆண், பெண் இருபாலரிலும் ஏறத்தாழ இதே அளவு. உச்சத்தில் இருப்பவர்களுக்கு இது தொழிலோடு ஒட்டி வரும் காயம். அப்படியானால் அவர்கள் எப்படித் திரும்புகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் கதை ஹெர்மான் மையருடையது. ஆஸ்திரியாவின் ஃப்ளாக்காவ் ஊர்க்காரர். 15 வயதில் சறுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து, முட்டி பலவீனம், வளர்ச்சி போதாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அதன்பின் கோடையில் கொத்தனார் வேலை, குளிர்காலத்தில் சறுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில், பிப்ரவரி 13 அன்று, டவுன்ஹில் என்ற அதிவேக இறக்கப் பந்தயத்தில் ஒரு வளைவில் வேகம் மீறிப்போய் ஆகாயத்தில் பறந்தார். தலைகீழாக விழுந்து, இரண்டு தடுப்பு வலைகளைப் பிய்த்துக்கொண்டு உருண்டு, பனிக்குள் புதைந்து நின்றார். மூன்று நாள் கழித்து, அதைவிட வளைவுகள் கூடிய சூப்பர்-ஜி பந்தயத்தில் தங்கம். அதற்குப் பின், வளைவுகள் இன்னும் நெருங்கிய ஜயன்ட் ஸ்லாலமில் இன்னொரு தங்கம்.

உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியது இந்த மூன்று நாள் கதையைத்தான். மீள்வது என்றாலே மன உறுதி என்று நாம் நம்புவதற்கு இப்படிப்பட்ட கதைகள் பெரிய காரணம். உண்மையில் அந்த விழுதலில் அவருடைய முட்டியில் எதுவும் முழுதாகக் கிழியவில்லை. தோளிலும் முட்டியிலும் அடி, வீக்கம், வலி. வலியைத் தாங்கிக்கொண்டு ஓடலாம். கிழிந்துபோன நாரை மன உறுதி ஒட்டவைக்காது.

மையரின் உண்மையான மீட்சி வேறு. 2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதி, வலது கால் எலும்பு வெளியே தெரியும்படி நொறுங்கியது. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். பல மணி நேர அறுவையில் எலும்புக்குள் உலோகத் தண்டு வைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். 2002 குளிர்கால ஒலிம்பிக்கை அவர் தவறவிட்டார். 2003 ஜனவரியில் பந்தயத்துக்குத் திரும்பியபோது முதல் போட்டியில் இரண்டாம் சுற்றுக்கே தேறவில்லை. அந்த மாதக் கடைசியில் கிட்ஸ்பியூலில் சூப்பர்-ஜி வென்றார். 2004இல் ஒட்டுமொத்த உலகக் கோப்பையே அவர் கையில். விபத்திலிருந்து முதல் வெற்றிவரை 17 மாதங்கள். நான் மாணவர்களுக்கு மையர் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாகானோவைச் சுருக்கிவிட்டு இந்த 17 மாதங்களைத்தான் விரித்துச் சொல்வேன்.

திருநாவலூரில் பிறந்த சுந்தரர் திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த வரலாறு இந்தப் பகுதியில் குழந்தைகளுக்கும் தெரியும். அது ஒரே நொடியில் திரும்பி வந்ததாகப் பெரியபுராண மரபு சொல்லவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். படிப்படியாகத்தான் திரும்புகிறது. அறிவியல் பேசும் இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், மீட்சிக்குப் படிகள் உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. காயம்பட்ட விளையாட்டு வீரன் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

இனி அந்த நாருக்கு வருவோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில், மூட்டின் நடுவே, இரண்டு நார்கள் குறுக்கும் மறுக்குமாகப் போகின்றன. அவற்றில் முன்னால் இருப்பதைத்தான் மருத்துவர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் சுண்டுவிரல் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிவிடாமலும், உள்பக்கம் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துவைப்பது இதன் வேலை. இளம் வயதினரின் நாரை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது, சுமார் 2160 நியூட்டன் விசை வரை தாங்கியது. ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நேராக இழுத்தால் இவ்வளவு தாங்கும். மடங்கிய முட்டி உள்ளே சாய்ந்து திருகும்போது இதைவிடக் குறைந்த பாரத்திலேயே போய்விடும்.

பனிச்சறுக்கில் இந்த நாரின் வரலாறு கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரு காலத்தில் சறுக்கு வீரர்களுக்கு அதிகம் உடைந்தது கீழ்க்கால் எலும்பு. விழுந்தால் பலகையிலிருந்து காலணி தானாகக் கழன்றுகொள்ளும் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் யால்மார் ஹ்வாம் 1930களின் கடைசியில், தன் கால் உடைந்த பிறகு உருவாக்கிய பூட்டு அவற்றில் முன்னோடி. பிறகு உயரமான, விறைப்பான காலணிகளும் வந்தன. எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1980களில் முட்டி நார்க் காயங்கள் ஏறின. கணுக்காலும் கீழ்க்காலும் பூட்டிக்கொண்டதால், திருகும் விசை முழுக்க முட்டியில் போய் இறங்கியது. ஒரு காயத்தைத் தடுக்கும் கருவி இன்னொரு காயத்துக்கு வழி திறந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் விளையாட்டு மருத்துவத்தில் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி மூவரும் விழும் காட்சிகளின் படச்சுருள்களைச் சேகரித்து, நார் கிழியும் கணத்தைத் தேடினார்கள். பின்னால் சாய்ந்து, இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கி, எடை முழுதும் ஒரே பலகையின் பின்முனையில் விழும் நிலை அடிக்கடி தென்பட்டது. அந்தப் பின்முனை, குதிகாலிலிருந்து பின்னோக்கி முளைத்த இன்னொரு பாதமாக மாறிக் காலைத் திருகிவிடுகிறது. 20 சறுக்கு மையங்களின் ஊழியர்களுக்கு இந்தப் படங்களைக் காட்டி, அந்த நிலைக்குப் போவதை உணர்ந்து தவிர்க்கப் பழக்கினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் கடுமையான முட்டிக் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. மருந்தும் கருவியும் இல்லாமல், எப்படிக் கிழிகிறது என்று பார்க்கவைத்ததிலேயே இவ்வளவு கிடைத்தது. கபடியில் நார் கிழியும் கணங்களை இப்படி யாராவது உட்கார்ந்து தொகுத்துப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். இன்று ஊர்ப் போட்டிகளும் யூடியூபில் நேரலையாக வருகின்றன. படத்துக்குப் பஞ்சமில்லை.

நார் கிழிந்த பிறகு உடம்புக்குள் நடப்பது வெளியே தெரிவதைவிடச் சிக்கலானது. முட்டியின் பக்கவாட்டில், மூட்டுக்கு வெளியே உள்ள நார் கிழிந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறும். ஏ.சி.எல். மூட்டு நீருக்குள் மூழ்கியிருக்கிறது. கிழிந்த முனைகளுக்கு இடையே இரத்தம் உறைந்து பாலம் கட்ட அந்த நீர் விடுவதில்லை. அதனால் முழுதாகக் கிழிந்தது அநேகமாகத் தானே ஒட்டுவதில்லை. புத்தூர்க் கட்டுக்கு இந்தப் பகுதியில் இருக்கும் மதிப்பை நான் அறிவேன். எலும்பு முறிவுக்குக் காலங்காலமாக மக்கள் அங்கே போய்வந்திருக்கிறார்கள். ஆனால் வெளியே போடும் எந்தக் கட்டும், மாவுக்கட்டு உட்பட, மூட்டுக்குள் இருக்கும் இந்த நாரை எட்டாது. வீக்கம் வடிந்து வலி அடங்கியதும் சரியாகிவிட்டது போலத் தோன்றும். நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் முட்டி விலகும். அப்படி விலகும் ஒவ்வொரு தடவையும், எலும்புகளுக்கு இடையே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்குகிறது. முதல் காயத்தைவிட இந்த இரண்டாவது சேதம்தான் நாற்பது வயதில் அவனைப் படியேற விடாமல் செய்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை இளைக்கத் தொடங்குகிறது. காலைப் பயன்படுத்தாததால் இளைக்கிறது என்பது பாதி உண்மை. ஆரோக்கியமான இளைஞர்களின் காலை 5 நாள் மட்டும் அசையாமல் கட்டி வைத்த ஓர் ஆய்வில், இந்தத் தசையின் பருமன் 3.5 சதவீதமும் வலு 9 சதவீதமும் குறைந்தன. 14 நாளில் வலு ஏறக்குறைய 23 சதவீதம் போய்விட்டது. தசை கரைவதைவிட வலு வேகமாகக் குறைவதைக் கவனியுங்கள். மீதிக்கு நரம்புதான் பொறுப்பு. 1980களில் நடந்த சோதனையில், காயமே இல்லாத முட்டிக்குள் 20 முதல் 30 மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்தினார்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். அதற்கே தொடைத் தசையின் உள்பக்கப் பகுதி சரியாக இயங்க மறுத்தது. மூட்டில் நீர் கோத்ததும், அங்குள்ள உணர்நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி, அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகின்றன. வீங்கிய முட்டியோடு இருக்கும் பையன் காலை நீட்டி இறுக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து, "முயற்சி பண்ண மாட்டேங்கிறான்" என்று பயிற்சியாளர் கோபப்படுகிறார். அவனுடைய தண்டுவடம் அனுமதிக்கவில்லை. அதனால்தான் தேசியப் பனிச்சறுக்கு அணிகளில் அடிபட்ட அன்றே வீக்கத்தை இறக்கும் வேலை தொடங்குகிறது. அறுவைக்கு முன்பே தசையை எழுப்பும் பயிற்சி நடக்கிறது. பல இடங்களில் மின்தூண்டலும் கொடுக்கிறார்கள்.

அறுவையில் கிழிந்த நாரைத் தைப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய நாரின் இடத்தில் பதிக்கிறார்கள். முட்டி மறுநாள் முதலே மடங்கி நீளும். ஆறாவது வாரத்தில் வலி பெரிதாக இருக்காது, நடை சீராகிவிடும். அப்போதுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பதித்த நாருக்கு முதலில் இரத்த ஓட்டமே கிடையாது. அதன் செல்கள் மடிகின்றன. பிறகு சுற்றிலுமிருந்து புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வந்து, புதிய செல்கள் குடியேறி, நாரைப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டுகின்றன. நாற்றங்காலில் பசுமையாக இருந்த நாற்று, பிடுங்கி நட்டதும் சில நாள் வெளுத்துச் சாய்ந்துவிட்டுத்தான் வேர் பிடித்துப் பச்சை கட்டும். பதித்த நாரும் அப்படித்தான். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் அது பதித்த நாளைவிட வலுக் குறைந்து இருக்கிறது. வலி இல்லாத அந்த மாதங்கள்தான் ஆபத்தான மாதங்கள். நார் முதிர்வதற்கு ஓராண்டுக்கு மேலாகலாம்.

இந்தப் பொறுமைக்குக் கணக்கும் உண்டு. 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, அறுவை செய்துகொண்ட 106 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்து வெளியிட்ட முடிவு இது: விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும், ஒன்பதாவது மாதம் வரை, மறுபடி முட்டி காயம்படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொடை வலுவும் ஒற்றைக்கால் தாவலும் மறு காலின் அளவில் 90 சதவீதத்தைத் தொட்டதா என்ற சோதனையில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேர் மறுபடி காயம்பட்டார்கள். தேறித் திரும்பியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு.

சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வானின் வாழ்க்கை இந்த ஒன்பது மாத நாட்காட்டியின் இரண்டு பக்கங்களையும் காட்டும். 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் வலது முட்டி நார்கள் கிழிந்தன, எலும்பும் முறிந்தது. ஓராண்டில் சோச்சி ஒலிம்பிக். அதற்குள் திரும்பியாக வேண்டும் என்று விரைந்தார். ஒன்பதாவது மாதம், நவம்பரில், பயிற்சியில் விழுந்து, சீரமைத்த நார் மறுபடி ஓரளவு கிழிந்தது. டிசம்பரில் பந்தயத்தின் நடுவே முட்டி கைவிட்டது. சோச்சி போயிற்று. மீண்டும் அறுவை, மீண்டும் முதலிலிருந்து. 2015 ஜனவரியில் தன் 63ஆவது உலகக் கோப்பை வெற்றியைப் பெற்று, பெண்களில் அதிக வெற்றி என்று 35 ஆண்டுகள் நின்ற ஆனமாரி மோசர்-ப்ரோலின் சாதனையை முறியடித்தார். 2019இல் உடம்பு தாங்காமல் ஓய்வு பெற்றார். 2024இல் வலது முட்டியின் ஒரு பகுதியை மாற்றும் அறுவை செய்துகொண்டு, அவ்வாண்டுக் கடைசியில் பந்தயத்துக்கு வந்தார். 2025 மார்ச்சில், 40 வயதில், சன் வேலியில் சூப்பர்-ஜியில் இரண்டாமிடம். இதே பெண்தான் 2013இல் அவசரப்பட்டுத் தோற்றவர். மன உறுதி இரண்டு தடவையும் அவரிடம் குறையாமல் இருந்தது. மாறியது காலமும் தயாரிப்பும்.

மனதுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் வேலை நாம் வழக்கமாகப் பேசும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். பந்தயத்துக்கு முன் சறுக்கு வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கையை வளைத்து, இடுப்பை அசைத்து நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாதையின் ஒவ்வொரு வளைவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். காயத்தில் படுத்திருக்கும்போதும் இதைச் செய்ய முடியும், அதற்குப் பலன் உண்டு. 2014இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை 4 வாரம் அசையாமல் கட்டினார்கள். ஒரு பிரிவினர் மட்டும் வாரத்தில் ஐந்து நாள், அந்தத் தசையை இறுக்குவதாக மனதில் கற்பனை செய்தார்கள். கற்பனை செய்யாதவர்கள் வலுவில் 45 சதவீதம் இழந்தார்கள். செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம். தசைக்குக் கட்டளை போகும் மூளைப் பாதை, பயன்படாமல் தூர்ந்துபோவதைக் கற்பனை தடுத்திருக்கிறது. கட்டிலில் காலை நீட்டிக் கிடக்கும் கபடி வீரன் தன் ரெய்டுகளை மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பின்னடைவுகளைப் பழக்கத்தால் தாண்டுவதற்கு நம் நாட்டில் ஒரு முகம் உண்டு. மணாலிக்குப் பக்கத்தில் வளர்ந்த ஷிவா கேசவன். கேரளத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்தபடி பனிக்கட்டிப் பாதையில் பாயும் லூஜ் விளையாட்டுக்காரர். 1998இல் 16 வயதில் தொடங்கி 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகள். நாட்டில் லூஜ் பாதையே இல்லாததால், வண்டிக்குச் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் பயிற்சி செய்தார். 2014இல் சோச்சியில் பயிற்சி ஓட்டத்தின்போது வண்டி கவிழ்ந்தது. பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டே அதை எட்டிப் பிடித்து மேலே ஏறி ஓட்டத்தை முடித்தார். யோசித்துச் செய்ய நேரமில்லாத அந்த நொடியில் கை செய்தது பல ஆண்டுப் பழக்கத்தின் வேலை. அந்த ஒலிம்பிக்கில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் தேசியக் கொடியின் கீழ் பந்தயத்தில் இறங்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. காயம் மட்டுமே பின்னடைவு என்று நினைப்பவர்கள் அவர் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயம் முடியாது. சறுக்கு வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் 99 உலகக் கோப்பை வெற்றிகளோடு, 2024 நவம்பர் 30 அன்று கில்லிங்டனில் ஜயன்ட் ஸ்லாலம் முதல் சுற்றில் முன்னிலையில் இருந்தார். இரண்டாம் சுற்றில் விழுந்தபோது வயிற்றின் பக்கவாட்டில் ஆழமாகக் குத்துக் காயம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. ஜனவரி கடைசியில் ஸ்லாலம் பந்தயத்துக்குத் திரும்பினார். பிப்ரவரி 23 அன்று செஸ்ட்ரியரேயில் ஸ்லாலமில் நூறாவது வெற்றி. ஆனால் அதே மாத உலகச் சாம்பியன் போட்டியில், தன்னிடம் இருந்த ஜயன்ட் ஸ்லாலம் பட்டத்தைக் காக்க இறங்காமல் விலகினார். விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சிக் கோளாறு தனக்கு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். விழுந்தது ஜயன்ட் ஸ்லாலமில். பயமும் அங்கேயே தங்கியது. பக்கத்துப் பந்தயமான ஸ்லாலமில் அவரால் உலகை வெல்ல முடிந்தது.

பயம் இப்படி இடத்தோடும் வேகத்தோடும் ஒட்டிக்கொள்ளும் நினைவு. புத்தி சொல்லி அதை அழிக்க முடியாது. பாதுகாப்பான அளவில் அதே சூழலுக்குத் திரும்பத் திரும்பப் போய், "இந்த முறை ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய நினைவை மூளை எழுதிக்கொள்ளச் செய்வதுதான் வழி. பழைய நினைவு அழியாது, அடங்கும். மெல்போர்னைச் சேர்ந்த கேட் வெப்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல், முட்டி நார் அறுவைக்குப் பிறகு ஒருவர் மனதளவில் தயாரா என்று அளக்க 12 கேள்விகள் கொண்ட படிவத்தை வெளியிட்டார்கள். "விளையாடும்போது முட்டி கைவிட்டுவிடுமோ என்று பயமா?" என்ற ரகக் கேள்விகள். தசை வலுவைக் கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும் என்பது இப்போது விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்டது. நம் களங்களில் ஒரு பையன் "பயமா இருக்கு" என்று சொன்னால் அவன் பெயர் கெட்டுவிடுகிறது. உலகின் தலைசிறந்த வீராங்கனை சொன்னதை அவனும் சொல்லலாம் என்று நாம் அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

திரும்பாதவர்களும் உண்டு. நம் கண்ணில் படுவதில்லை. பனிப்பலகை வீரர் கெவின் பியர்ஸ் 2009 டிசம்பர் 31 அன்று, வான்கூவர் ஒலிம்பிக்குக்குச் சில வாரம் இருக்கையில், பயிற்சியில் விழுந்து மூளையில் பலத்த காயம்பட்டார். தங்கத்துக்குப் போட்டியிடக் கூடியவர் என்று பேசப்பட்டவர் போட்டிக்கே திரும்பவில்லை. அவர் மன உறுதி குறைந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூளைக் காயம் முட்டிக் காயம் இல்லை, அதற்கு ஒன்பது மாத நாட்காட்டி கிடையாது. நார் அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி உலகம் முழுதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வந்த தொகுப்பு, 81 சதவீதம் பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், போட்டி நிலைக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம் மட்டுமே என்றது. வென்றவர்களின் நேர்காணலை மட்டும் கேட்டு மீட்சியின் விதியை எழுதினால் மீதிப் பேரைக் குற்றவாளிகளாக்குவோம்.

நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறிச் சிதைந்த வலது காலோடு உயரம் தாண்டி, 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவர் பழைய நிலைக்குத் திரும்பியவர் இல்லை. இருந்த காலை வைத்து ஒரு புதிய உடலைக் கட்டிக்கொண்டவர். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். நாரைச் சீர்செய்து திரும்பியவருக்கு இந்தியாவில் உதாரணம் தேடினால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட். 2016 ரியோவில் காலிறுதியில் முட்டி நார் கிழிந்து, தூக்குப்படுக்கையில் தூக்கிச் செல்லப்பட்டவர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மறுபடி முட்டி அறுவை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போய், எடை காரணமாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

காயத்திலிருந்து திரும்பிய இந்த வீரர்களுக்கு இருந்தவற்றை எண்ணிப் பார்த்தால் சில தெளிவாகின்றன. அடிபட்ட இடத்தை உடனே படமெடுத்துப் பார்க்க வசதி இருந்தது. கூடவே இயன்முறை மருத்துவர் இருந்தார். மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது. எப்போது திரும்பலாம் என்று அளந்து சொல்ல ஆள் இருந்தது. திருநாவலூர் ஒன்றியத்தில் கரும்பு வெட்டவோ கட்டட வேலைக்கோ போகும் கபடி வீரனுக்கு இவற்றில் எது இருக்கிறது? கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே இருக்கும் ஊரிலிருந்து முட்டியைப் படமெடுக்க அவன் மலையிறங்கி வர வேண்டும். அவனுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது பெரிய அநீதி.

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியதில்லை. ஒற்றைக்கால் தாவல் சோதனைக்கு ஓர் அளவு நாடாவும் சுண்ணாம்புக் கோடும் போதும். காயம்பட்ட காலால் தாவிய தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். நல்ல காலும் ஓய்வில் இளைத்திருக்கும் என்பதால், தொடை வலுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்கு இயன்முறை மருத்துவர் தேவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி இயன்முறை சிகிச்சை தருவது ஏற்கெனவே உண்டு. அந்தப் பட்டியலில் முட்டி அறுவை செய்துகொண்ட இளைஞர்களையும் முறையாகச் சேர்த்து ஒன்பது மாதம் பின்தொடரலாம். 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டக் கபடிக் காயங்களின் பதிவேட்டை அங்கே தொடங்கினால், ஒஸ்லோ செய்ததை நாம் நம் விளையாட்டுக்குச் செய்தவர்களாவோம்.

போட்டி நடத்தும் ஊர்க் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசுத் தொகைக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை அடிபடும் பையனின் ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் ஒதுக்குங்கள். முட்டி வீங்கியவனைக் கட்டுப் போட்டு அடுத்த ஆட்டத்தில் இறக்காதீர்கள். அறுவை முடிந்து வந்தவனை, அவனே கெஞ்சினாலும், ஒன்பது மாதம் ஆகாமல், தாவல் சோதனையில் தேறாமல் களத்துக்குள் விடாதீர்கள்.